சுக்கானைக் காற்றிடம் கொடுத்த பிறகு: எங்கள் பாய்ப்படகு விண்ட்வேன், பல வருடப் பாவனை

நீண்ட கடல் பயணத்துக்கு ஒரு சின்னப் பாய்ப்படகைத் தயார்படுத்துகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பெரும்பாலும் பட்டரி, சோலார், செய்மதி இணையம் பற்றித்தான். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான்: இரவும் பகலும் சுக்கானை யார் பிடிக்கப் போகிறார்கள் என்பதை முதலில் முடிவு பண்ணுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். எங்கள் படகின் பின்புறத்தில் பூட்டியிருக்கும், காற்றைக் கொண்டே சுக்கானைத் தானாகத் திருப்புகிற விண்ட்வேனை நம்பிப் பல வருடம் ஓடியாயிற்று. அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று கனநாளாக நினைத்திருந்தேன்.

படகு 38 அடி, 1980களில் கட்டிய ஃபைபர் கிளாஸ். மச்சானும் நானும் சேர்ந்து மலேசியாவின் லங்காவியில் வாங்கியது, விண்ட்வேன் அதோடு கூடவே வந்தது. நாங்கள் இருப்பது வெள்ளவத்தையில், பாய் பிடிக்கப் பழகியது பொல்கொட ஏரியில், ஆனால் கொழும்புத் துறைமுகம் முழுக்கக் கொள்கலன் கப்பல்களின் இடம் என்பதால் படகு நிற்பது காலியில், இல்லாவிட்டால் திருகோணமலையில். அதிகம் ஓடியது மாலைதீவுப் பக்கம். காலியிலிருந்து மாலைதீவின் வட அந்தலையில் இருக்கிற உலிகன் தீவுக்குச் சுமார் 440 கடல்மைல். நாளுக்கு 120 கடல்மைல் என்பது எங்கள் படகுக்கு நல்ல ஓட்டம், ஆக நாலு நாள் என்று வைத்துக்கொள்ளலாம். இதற்கு வாடைக் காலம்தான் சரி, டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று எழும்பிய பிறகு அந்தப் பக்கம் போக நினைக்கவே கூடாது, காற்றும் நீரோட்டமும் இரண்டுமே எதிராக நிற்கும்.

படகில் பெரும்பாலும் இரண்டு பேர்தான். இரண்டு பேர் நாலு நாள் கையால் சுக்கான் பிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், மூன்று மணிநேரம் பிடி, மூன்று மணிநேரம் படு, அந்தப் படுக்கிற மூன்று மணிநேரத்துக்குள்தான் சமைக்க வேண்டும், பாயைக் குறைக்க வேண்டும், வரைபடம் பார்க்க வேண்டும், இரண்டாம் நாள் பின்னேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே பிடிக்காது. கடலில் நடக்கிற பிழைகளில் பாதி களைப்பில் வருவதுதான். அதனால்தான் சுக்கான் விடயத்தை முதலில் வைக்கிறேன்.

இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்பவர்களுக்கு: மேலே மெல்லிய ஒட்டுப்பலகை ஒன்று நிற்கும், அதன் விளிம்பு காற்றைப் பார்க்கும்படி திருப்பி வைக்கிறோம். படகு வழி விலகினால் காற்று பலகையின் ஒரு பக்கத்தில் அடித்து அதைச் சாய்க்கும். அந்தச் சாய்வு பற்சக்கரங்கள் வழியாக, கீழே தண்ணீருக்குள் தொங்கும் துடுப்பைக் கொஞ்சம் திருப்பும். படகு ஓடிக்கொண்டிருக்கிறது அல்லவா, திரும்பிய துடுப்பைத் தண்ணீர் பலமாக ஒரு பக்கம் தள்ளும். அந்தத் தள்ளல் இரண்டு கயிறுகள் வழியாகச் சுக்கான் பிடியை இழுத்துப் படகைத் திரும்ப வழிக்குக் கொண்டுவரும். பலகைக்கு வேண்டியது விரல் நுனியின் பலம்தான், மிச்சம் எல்லாம் கடல் கொடுக்கிற பலம். காற்று கூடக் கூடப் படகு வேகமாக ஓடும், துடுப்பின் பலமும் கூடும். சுக்கானை மோட்டரால் திருப்புகிற மின்சார ஓட்டோபைலட் திணறுகிற நேரத்தில்தான் இது நன்றாக உழைக்கும்.

அதைக் கண்ணால் பார்த்தது இலங்கைக்கு மேற்கே, மன்னார் வளைகுடாவின் வாயைக் கடக்கும் இரவுகளில். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் நெருக்குப்பட்டு வருகிற வாடை அங்கே திடீரென்று 25 நொட்டுக்கு (மணிக்கு 25 கடல்மைல்) ஏறும், அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் பக்கத்தில் வந்து அடிக்கும். பெரிய பாயை இரண்டாம் மடிப்புக்குக் குறைத்துவிட்டு டோர்ச்சை அடித்துப் பின்பக்கம் பார்த்தால், பலகை ஒரு சாய்வு, துடுப்பு ஒரு வீச்சு, கயிறு விண்ணென்று இறுகிச் சுக்கான் பிடி நாலு விரல் அகலம் நகர்கிறது, திரும்ப நடுவுக்கு வருகிறது. அலை பின்புறத்தைத் தூக்கி எறிகிற அதே கணத்தில் அது திருத்திவிடுகிறது. ஒரு மில்லி அம்பியர் மின்சாரம் இல்லை, மோட்டர் சத்தம் இல்லை. முதல் முறை பார்த்த மச்சான் மழைக்கோட்டோடு அங்கேயே குந்திவிட்டான், "நீ போய்ப் படடா, இது என்னை விட நல்லாப் பிடிக்குது" என்றான். நானும் போய்ப் படுத்தேன்.

இந்த யோசனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பிரித்தானியரான பிளாண்டி ஹாஸ்லர். 1960இல் நடந்த முதலாவது தனியாள் அத்திலாந்திக் போட்டியில் அவர் ஜெஸ்டர் என்ற சின்னப் படகில் இப்படி ஒரு கருவியோடு ஓடினார். இன்றைக்கும் தனியாளாக உலகத்தைச் சுற்றி வருகிற கோல்டன் குளோப் போட்டியில் மின்சார ஓட்டோபைலட்டுக்கு இடமில்லை, விண்ட்வேன் மட்டும்தான். 2022இல் தொடங்கிய போட்டியில் கேரளத்துப் பின்னணி கொண்ட அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்தார். அதே போட்டியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த சைமன் கேர்வென், விண்ட்வேன் உடைந்ததால் திருத்துவதற்குச் சிலி நாட்டுக்கு ஒதுங்க வேண்டி வந்தது. அவ்வளவு தூரம் ஒரு படகின் விதி இந்தக் கருவியில் தங்கியிருக்கிறது.

"இதெல்லாம் வெள்ளைக்காரர் விளையாட்டு, எங்கள் ஆட்களுக்கு எதற்கு?" என்று கொழும்பில் பலர் கேட்கிறார்கள். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கும். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை பாய் விரித்துப் போன கப்பல், அதை ஓட்டிச் சென்றவர்கள் வல்வெட்டித்துறைக் கடலோடிகள். அவர்களிடம் விண்ட்வேன் இல்லை, ஆள் மாற்றி ஆள் சுக்கானில் நின்றார்கள். எங்கள் ஊர்க் கடலோடிகளுக்கு இந்தத் தொழில் புதிதே இல்லை.

சரி, குறைகள். முதலாவது, காற்று பின்னால் இருந்து மெதுவாக வரும்போது இது குழம்பும். எட்டு நொட் காற்று நேர்பின்னால் அடிக்க நாங்கள் நாலு நொட்டில் ஓடினால் பலகைக்குக் கிடைப்பது மிச்சம் நாலு நொட்தான், அது போதாது. மாலைதீவை நெருங்கும்போது இந்த மாதிரி நாட்கள் நிறைய வரும், படகு பாம்பு நெளிகிற மாதிரிப் போகும். இதற்கு நாங்கள் கண்ட வழி, ஒட்டுப்பலகையைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் டில்லர் பைலட் என்கிற மிகச் சின்ன மின்சார ஓட்டோபைலட் ஒன்றைப் பொருத்துவது. பலகை செய்கிற சாய்வை அது திசைகாட்டியைப் பார்த்துச் செய்யும், கனமான வேலை பழையபடி தண்ணீர் துடுப்பினுடையது. பெரிய ஓட்டோபைலட் நாள் முழுக்க ஓடினால் எங்கள் படகில் 80 அம்பியர்-மணிநேரத்துக்கு மேல் குடிக்கும், இது அதில் ஒரு சின்னப் பங்குதான். விண்ட்வேன் வைத்திருக்கிற எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாவது, இது காற்றைப் பின்தொடர்கிறது, திசையை அல்ல. காற்று இருபது பாகை திரும்பினால் படகும் சத்தமில்லாமல் இருபது பாகை திரும்பும். இலங்கையின் தென்கோடியான தேவேந்திரமுனைக்குத் தெற்கே இது ஆபத்து. உலகத்திலேயே நெரிசலான கப்பல் பாதைகளில் ஒன்று அங்கேதான் போகிறது, கிழக்கே போகிற வரிசையும் மேற்கே போகிற வரிசையும் இரவில் வெளிச்சத் தோரணமாகத் தெரியும். நாங்கள் கப்பல் பாதைக்கு உள்ளே, கரைப்பக்கமாகவே ஓடுவோம். ஆனால் அந்தப் பக்கம் மீன்பிடிப் படகுகளும் வலைகளும், அவர்களில் பலரை, பக்கத்துக் கப்பல்களின் இடத்தை வானொலி வழியாகக் காட்டுகிற ஏஐஎஸ் திரையில் காணவே முடியாது. அங்கே விண்ட்வேன் பிடித்தாலும் ஒருவர் மேலே விழித்தபடி நிற்க வேண்டும், கையில் தேநீரோடு என்றாலும் சரி. பகலில் நீலத் திமிங்கிலம் மூச்சு விடுவதைக் கண்டால் அது அந்தக் காவலுக்குக் கிடைத்த கூலி.

பராமரிப்பு கொழும்பிலேயே முடிகிறது, இது எனக்குப் பெரிய நிம்மதி. ஒட்டுப்பலகை உடைந்தால் மொரட்டுவையில் ஒரு தச்சர் அரை நாளில் அச்சொட்டாக வெட்டித் தருகிறார், மெல்லிய கடல் ஒட்டுப்பலகையாக இருக்க வேண்டும், பாரம் கூடினால் மெல்லிய காற்றில் அசையாது. துடுப்பு ஏதாவது மரக்கட்டையில் மோதினால் முறிவதற்கென்றே ஒரு குழாய் வைத்திருக்கிறார்கள், மற்றப் பாகங்களைக் காப்பாற்ற. அதை கிராண்ட்பாஸில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து மூன்று துண்டு உதிரியாக வைத்திருக்கிறோம். போல்ட், நட் எல்லாம் பழைய சோனகத் தெருவில் கிடைக்கும், ஆனால் கடலில் எளிதில் துருப்பிடிக்காத 316 தர எவர்சில்வர் என்று ஒரு கடையில் சொல்லித் தந்த போல்ட்டுகள் ஒரு பருவத்துக்குள் துரு ஒழுகி வெள்ளைப் படகின் பின்புறத்தையே பழுப்பாக்கிவிட்டன, அன்றிலிருந்து அவற்றை மட்டும் வெளியிலிருந்து எடுக்கிறோம். சுக்கானுக்குப் போகிற கயிறு இழுபடாத டைனீமா வகையாக இருக்கட்டும், நைலோன் போட்டால் திருத்தம் தாமதமாகும். கப்பியில் உரசுகிற இடத்தை ஒவ்வொரு விடியலும் விரலால் தடவிப் பாருங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சோலாரும் லித்தியம் பட்டரியும் நல்லவை, சொல்ல வேறில்லை. ஸ்டார்லிங்க் 2025இல் இலங்கையில் வந்துவிட்டது, வானிலை பார்க்கப் பெரிய உதவி, ஆனால் காலையும் மாலையும் மட்டும் போடுகிறோம், மின்சாரம் நிறைய எடுக்கும். சமையலுக்கு மாசிக் கருவாடு, சீனிச் சம்பல், ஒடியல்மா, மோர்மிளகாய், தேசிக்காய் ஊறுகாய், இவ்வளவும் இருந்தால் குளிர்சாதனப் பெட்டி நின்றுபோனாலும் பசியிராது. கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம் ஒன்று இருக்கிறது, அதன் பம்ப் சீல் வாங்கிய முதல் வருடமே ஒழுகியது, விற்ற கொம்பனி பதில் போடவே இல்லை. திருத்திய பிறகு நன்றாக ஓடுகிறது. துறைமுகத்துக்குள் மட்டும் போடக்கூடாது, எண்ணெய் பட்டால் உப்பைப் பிரிக்கிற சவ்வு போய்விடும். மட்டக்களப்புக்கு வெளியே ஒரு முறை வாழைச்சேனைப் படகொன்று பக்கத்தில் வந்து, "தம்பி, குடிதண்ணி கொஞ்சம் இருக்கா?" என்று கேட்டார்கள். "இருக்கு அண்ணன், கேனைத் தாங்க" என்று நிரப்பிக் கொடுத்தோம், பதிலுக்கு ஒரு முழுச் சூரை மீனைத் தளத்தில் போட்டுவிட்டுப் போனார்கள். அன்றைக்கு மச்சான் மீன் வெட்டினான், நான் புளி கரைத்தேன், சுக்கான் பக்கம் ஒருவரும் போகவில்லை.

புதிய விண்ட்வேன் ஆயிரக்கணக்கான டொலர் வரும், அதனால் லங்காவியிலும் தாய்லாந்தின் புக்கெட்டிலும் பழையதைத் தேடுங்கள், தேய்கிற பாகங்கள் சில புஷ்களும் (தண்டு திரும்பும் இடத்து உறைவளையங்கள்) கயிறும் மட்டும்தான். வாங்கும் முன் துடுப்புத் தண்டைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள், கடகடவென்று ஆடினால் புஷ் போய்விட்டது, அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம். ஆட்டுக்கல் மாதிரி அசையாமல் நின்றால் விட்டுவிடுங்கள், உள்ளே உப்புப் பூத்து அலுமினியம் அரித்திருக்கும். எங்களுடையதற்கு இந்த வாடைக்கு முன் எல்லாப் புஷ்களையும் மாற்றப் போகிறோம். மொரட்டுவைத் தச்சரிடம் கொடுத்த அளவுத் தாள் என்னிடம் இருக்கிறது, யாருக்காவது தேவைப்பட்டால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.