108-ஐ அழைப்பது: பல வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் 2008 செப்டம்பரில் ஓடத் தொடங்கியது. இத்தனை வருடப் பயன்பாட்டில் நன்றாகத் தெரிகிற விஷயம், நிமிடங்கள் வீணாவது பெரும்பாலும் கடைசி ஒரு கிலோமீட்டரில். வண்டி ஊருக்குள் வந்துவிடும், வீடு கிடைக்காது. அதைச் சரிசெய்வது அழைப்பவர் கையில்தான் இருக்கிறது.

போனை எடுப்பவர் சென்னைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணா நகர் சென்னையிலும் உண்டு, மதுரையிலும் உண்டு. புதூர்களுக்குக் கணக்கே கிடையாது. அதனால் மாவட்டத்திலிருந்து தொடங்கி வாசல்வரை வாருங்கள்: "திண்டுக்கல் மாவட்டம், நத்தம் தாலுகா, இன்ன கிராமம், மாரியம்மன் கோயிலுக்குப் பின் தெரு, ரேஷன் கடைக்கு எதிர் வீடு. அப்பாவுக்கு 60 வயசு, நெஞ்சு வலி, வியர்த்துக் கொட்டுது, நினைவு இருக்கு." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதி, போன் வைக்கும் இடத்துக்கு மேலே ஒட்டி வையுங்கள். பதற்றத்தில் சொந்தத் தெருப் பெயரே மறந்துபோகும்.

அடிக்கடி நடக்கும் தவறு: அம்மா பெங்களூரில் இருக்கும் மகனுக்குப் போன் போடுவார், மகன் அங்கிருந்து 108 அடிப்பார். அது கர்நாடகா கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடும். நோயாளி பக்கத்தில் இருப்பவரே அழைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் எண் மகனிடம் இருந்தால் அதுவே பெரிய உதவி.

அழைத்து முடித்ததும் அந்த போனில் சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். ஆம்புலன்ஸிலிருந்து வழி கேட்டுக் கூப்பிடுவார்கள், அதுவும் தெரியாத எண்ணிலிருந்து. எடுங்கள். ஒருவர் மெயின் ரோட்டுக்குப் போய் நிற்கட்டும். இரவென்றால் டார்ச் அடிக்கட்டும். சந்து குறுகலாக இருந்தால் வழியில் நிற்கும் பைக்குகளை முன்பே நகர்த்திவிடுங்கள், ஸ்ட்ரெச்சர் போக இடம் வேண்டும்.

நெடுஞ்சாலை விபத்தென்றால் கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லில் உள்ள ஊரையும் எண்ணையும் படித்துச் சொல்லுங்கள். நான்குவழிச் சாலையில் எந்த ஊர் நோக்கிப் போகும் பக்கம் என்பதும் அவசியம். எதிர்ப்பக்கம் வந்துவிட்டால் வண்டி திரும்ப அடுத்த இடைவெளிவரை போக வேண்டும். உதவி செய்தால் போலீஸ் கேஸில் மாட்டுவோம் என்ற பயம் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுபவரைப் பாதுகாக்கிறது.

அடிதடி, திருட்டு, தீ என்றால் 112. பழைய 100, 101 எண்களும் மனதில் இருக்கட்டும். மின்கம்பி அறுந்து கிடந்தால் கிட்டே போகாமல், யாரையும் போகவும் விடாமல், மின்வாரியப் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

வண்டி வரும்வரை ஒரு வேலை உண்டு: சாப்பிடும் மாத்திரை அட்டைகள், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், காப்பீட்டு அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போடுங்கள். வாய் கோணினாலோ, கை கால் விழுந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். நோயாளி கடைசியாக நன்றாக இருந்த நேரத்தை ஒரு தாளில் எழுதி அதே பையில் வையுங்கள். ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவெடுக்க டாக்டர் முதலில் கேட்பது அந்த நேரத்தைத்தான். பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள்தான் அந்த ஊசி.