ஃப்ரிட்ஜ் குழாய்களுக்கு எந்தப் பிரேசிங் ராடு?

கால் அங்குலச் செம்புக் குழாயையும் அதைவிட மெல்லிய கேப்பிலரியையும் (குளிரூட்டும் கேஸை அளவோடு விடும் நுண்குழாய்) நாள்தோறும் பற்றவைக்கும் எங்கள் ஃப்ரிட்ஜ் பட்டறையில் மூன்று வகைப் பிரேசிங் ராடுகளை (இணைப்பில் உருகி ஓடும் உலோகக் கம்பிகளை) மாற்றி மாற்றிப் பயன்படுத்தியிருக்கிறேன்: வெள்ளியே கலவாத பாஸ்பரஸ்–செம்பு ராடு, 15 விழுக்காடு வெள்ளி சேர்ந்த பாஸ்பரஸ் ராடு, ஃப்ளக்ஸ் (உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடை நீக்கும் பசை) தடவிப் பற்றவைக்கும் 45 விழுக்காடு வெள்ளி ராடு. விலையும் பெரும்பாலும் இதே வரிசையில் ஏறும். ஆனால் எந்த உலோகத்தோடு எது சேர்கிறது என்பதைப் பார்த்துத்தான் ராட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

செம்போடு செம்பு சேரும் இடத்தில் முதல் ராடே பெரும்பாலும் போதும். அதில் சுமார் 7 விழுக்காடு பாஸ்பரஸ், மீதி செம்பு. 710 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கி 793இல் முழுவதும் உருகும். செம்பின் மேல் படியும் ஆக்சைடைப் பாஸ்பரஸே நீக்கிவிடுவதால் ஃப்ளக்ஸ் தேவையில்லை. ஸ்வேஜ் செய்த, அதாவது இன்னொரு குழாய் நுழையும்படி வாயை விரித்த குழாயில் இடைவெளி நெருக்கமாகவும் சீராகவும் இருந்தால், உருகிய உலோகம் தண்ணீர் போல உள்ளே இழுக்கப்படும். இடைவெளி சற்று அகன்றாலோ, கம்ப்ரசரின் அதிர்வு தாக்கும் இடமாக இருந்தாலோ 15 விழுக்காட்டு ராடுதான் என் தேர்வு. அது 643இல் இளகத் தொடங்கி 802 வரை கூழ்போல நிற்பதால் இடைவெளியை நிரப்புகிறது, ஆறிய பின்பும் ஓரளவு வளைந்து கொடுக்கிறது.

இரும்பு வந்தால் கதையே வேறு. பல கம்ப்ரசர்களின் குழாய் முனைகள் செம்பு முலாம் பூசிய இரும்பே. நிறத்தைப் பார்த்துச் செம்பு என்று நம்பிவிடுவோம். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கடையில் எழுத்து எதுவும் இல்லாத கட்டு ஒன்றைச் சில்வர் ராடு என்று வாங்கி, அத்தகைய முனையில் பற்றவைத்தேன். இணைப்பு பளபளவென்று அழகாகவே அமைந்தது. சில வாரங்களில் கேஸ் கசிந்து பெட்டி திரும்பி வந்தது. குழாயை அசைத்ததும், செம்பு ஒரு பக்கமும் இரும்பு ஒரு பக்கமுமாக இணைப்பு விட்டுப்போனது. அந்த ராட்டில் இருந்த பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து எளிதில் நொறுங்கும் பாஸ்பைடாக மாறியதே காரணம். இரும்பு இருக்கும் இடத்தில் பாஸ்பரஸ் இல்லாத 45 விழுக்காட்டு ராட்டைத்தான் கையிலெடுக்க வேண்டும். அது 663இல் இளகத் தொடங்கி 743இல் முழுவதும் உருகும், ஃப்ளக்ஸ் கட்டாயம். பித்தளை வால்வுக்கும் இதையே வைத்திருக்கிறேன். வேலை முடிந்ததும் வெந்நீரில் நனைத்த துணியால் ஃப்ளக்ஸைத் துடைத்தெடுக்காவிட்டால் அது ஈரத்தை உறிஞ்சி உலோகத்தை அரிக்கும்.

கேப்பிலரிக்கு ராட்டின் தரத்தைவிட அளவே முக்கியம். உள்விட்டம் ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாத அந்தத் துளையை ஒரு சொட்டு அதிகமானாலும் உருகிய உலோகம் அடைத்துவிடும் என்பதால், கேப்பிலரி சேரும் ஃபில்டரின் உள்வலையைத் தொடாத அளவுக்கு முனையை ஆழமாகச் செருகி, சுடரைத் தடித்த பக்கத்திலேயே காட்ட வேண்டும். எந்த ராடானாலும் பற்றவைக்கும்போது குழாய்க்குள் நைட்ரஜன் மெல்ல ஓடட்டும். இல்லையேல் உள்ளே படியும் கருஞ்செதில் பின்னாளில் இதே கேப்பிலரியை அடைக்கும்.

அந்தக் கட்டுக்குப் பிறகு, கலவை அச்சிடப்படாத எதையும் நான் வாங்குவதில்லை. குறைந்த வெப்பத்தில் உருகும் பழைய வகைச் சில்வர் ராடுகள் சிலவற்றில் காட்மியம் உண்டு. அதன் புகை நுரையீரலுக்கு நஞ்சு. அட்டையில் அந்தப் பெயர் இருந்தால், எவ்வளவு மலிவானாலும் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.