மீடியம் ஃபார்மேட்டும் பேட்டரி பிளாஷும்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

மீடியம் ஃபார்மேட் டிஜிட்டல் (ஃபுல் ஃப்ரேமை விடப் பெரிய சென்சார் உள்ள கேமரா) வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "வெயிலில் பிளாஷ் போட்டு எடுப்பீங்களா?" என்பதுதான். மெகாபிக்சல் பற்றியும் லென்ஸ் பற்றியும் பேச ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். சிங்க் வேகத்தைப் பற்றி, அதாவது பிளாஷ் படம் முழுவதும் விழும் அதிகபட்ச ஷட்டர் வேகத்தைப் பற்றி, யாரும் வாய் திறப்பதில்லை. கேமரா கைக்கு வந்து முதல் அவுட்டோர் ஷூட்டில்தான் அது முகத்தில் அடிக்கும்.

என்னிடம் இருப்பது ஃபூஜிஃபிலிம் ஜிஎஃப்எக்ஸ் 50ஆர், அப்புறம் வாங்கிய 100எஸ். லென்ஸ்கள் 63 எம்எம், 110 எம்எம். விளக்குகள் கோடாக்ஸ் ஏடி200 இரண்டு, ஏடி600 ப்ரோ ஒன்று. எடுப்பது பெரும்பாலும் மனிதர்களை: குடும்பப் படங்கள், சேலைக் கடைகளுக்கான கேட்டலாக், கலைஞர்களின் போர்ட்ரெய்ட். கிட்டத்தட்ட எல்லாமே வீட்டிலோ வெளியிலோதான், ஸ்டூடியோவில் குறைவு.

விஷயம் இதுதான். ஜிஎஃப்எக்ஸ் சென்சார் 43.8 x 32.9 மில்லிமீட்டர். அதை மூடித் திறக்கும் ஷட்டர் திரை அந்த உயரம் முழுவதும் ஓட வேண்டும். முழு சென்சாரும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அதிகபட்ச வேகம் 1/125. அதற்கு மேல் போனால் இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு இடைவெளிதான் நகரும். பிளாஷ் அந்தப் பட்டையில் மட்டும் விழும். ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் 1/200, 1/250 என்று பழகியவர்களுக்கு இது ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரட்டிப்பாகும் அல்லது பாதியாகும் ஒரு படி) நஷ்டம் என்று தோன்றும். ஒரு ஸ்டாப்தானே என்று விடவும் முடியாது. நம் ஊர் மதிய வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/125 என்று வைத்தால் அப்பெர்ச்சர் எஃப்/16-க்குப் போய்விடும். 110 எம்எம் எஃப்/2 லென்ஸை அவ்வளவு காசு கொடுத்து வாங்கியது எஃப்/16-ல் எடுக்கவா?

சரி, வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடியான என்.டி. ஃபில்டர் போடலாம். எஃப்/16-லிருந்து எஃப்/2.8-க்கு வர ஐந்து ஸ்டாப். நான் ஐந்து ஸ்டாப்பில் நிலையான ஒரே ஃபில்டரைத்தான் வைத்திருக்கிறேன். சுழற்றிக் கூட்டிக் குறைக்கும் வகை அகலமான லென்ஸில் எக்ஸ் வடிவ நிழலைக் கொண்டுவரும். 110-க்கு 77 எம்எம், 63-க்கு 62 எம்எம்; பெரியதை வாங்கி ஒரு ஸ்டெப்-அப் வளையம் போட்டால் இரண்டுக்கும் ஆகும்.

இங்கே பலர் தடுமாறும் ஒரு கணக்கு இருக்கிறது. என்.டி. ஃபில்டர் வெயிலையும் பிளாஷையும் ஒரே அளவுக்குக் குறைக்கிறது. அப்பெர்ச்சரைத் திறக்க முடிவதால் பின்னணி மங்கலாகும், அவ்வளவுதான். வெயிலோடு போட்டிபோட பிளாஷுக்குத் தேவையான பவர் எஃப்/16-ல் எவ்வளவோ, ஃபில்டர் போட்டு எஃப்/2.8-லும் அவ்வளவேதான். சிங்க் வேகத்தைத் தாண்டியும் பிளாஷ் அடிக்கவிடும் ஹை ஸ்பீட் சிங்க் இன்னும் மோசம். பிளாஷ் ஒரே வீச்சாக அடிக்காமல் துடித்துத் துடித்து எரிவதால் எடுத்த எடுப்பிலேயே இரண்டு ஸ்டாப் அளவுக்குப் பவர் போய்விடும். ஷட்டரைக் கூட்டக் கூட்ட வெயிலோடு சேர்ந்து அதுவும் குறையும். மாலை வெயிலுக்கு, மர நிழலுக்கு அது போதும். உச்சி வெயிலில் ஏடி200-ஐ ஹை ஸ்பீட் சிங்கில் போட்டு, வெளிச்சத்தை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸுக்குள் வைத்தால், விளக்கு எரிந்ததா என்று படத்தைப் பெரிதாக்கித் தேட வேண்டியிருக்கும்.

லீஃப் ஷட்டர் மட்டும்தான் இந்தக் கணக்கை உண்மையில் மாற்றுகிறது. ஹாசல்பிளாட் எக்ஸ்1டி வகைக் கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. நடுவிலிருந்து விரிந்து மூடுவதால் எந்த வேகத்திலும் பிளாஷ் முழுதாக விழும். அவற்றுக்கான பழைய எக்ஸ்சிடி லென்ஸ்களில் 1/2000 வரை; எக்ஸ்2டி-யோடு 2022-ல் வந்த வி வரிசையில் 1/4000 வரை. 1/125-லிருந்து 1/1000-க்குப் போனால் வெயில் மூன்று ஸ்டாப் இறங்குகிறது, பிளாஷ் இறங்குவதில்லை. அதாவது 600 வாட்-செகண்ட் (பிளாஷ் பவரின் அளவு) விளக்கு முக்கிச் செய்யும் வேலையை 75 வாட்-செகண்டில் முடித்துவிடலாம். இரண்டு கிலோ குறைவாகத் தூக்கலாம் என்று இதைப் படிக்கும் முதுகுக்குப் புரியும்.

பெரிய வேலைகளுக்கு எக்ஸ்1டி II-ஐ வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்தி வருகிறேன். அதன் ஹாட்ஷூ (கேமராவின் மேலே பிளாஷ் மாட்டும் இடம்) நிக்கான் முறையோடு ஒத்துப்போவதால், விளக்கை எரியவைக்கும் நிக்கானுக்கான ட்ரிகரே அதில் வேலை செய்கிறது. கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஏடி600 ப்ரோ முழுப் பவரில் எரியும்போது அதன் வெளிச்சம் ஏறித் தணிய ஏறக்குறைய 1/220 நொடி பிடிக்கிறது. ஷட்டரை 1/2000-ல் வைத்தால் அந்த வெளிச்சத்தின் பெரும்பகுதி கதவு சாத்தியபின் வந்த விருந்தாளிதான். பவரைக் குறைக்கக் குறைக்க இந்த வகை விளக்குகளில் வீச்சு சுருங்கும். ஆகவே லீஃப் ஷட்டரில் ஒரு விளக்கை முழுப் பவரில் எரிப்பதை விட, இரண்டு விளக்குகளைக் கால் பவரில் எரிப்பது லாபம். 1/2000 என்பதை விளம்பரத்துக்கு விட்டுவிட்டு நான் 1/800, 1/1000 பக்கமே நிற்கிறேன்.

அப்படியானால் ஏன் ஹாசல்பிளாடுக்கே மாறவில்லை? விலை ஒரு காரணம். இன்னொன்று, லைவ் வ்யூவுக்காகத் திறந்திருக்கும் லீஃப் ஷட்டர் முதலில் மூடி, எக்ஸ்போஷருக்குத் திறந்து, மூடி, மறுபடி திறக்க வேண்டும். கிளிக் செய்ததும் வ்யூஃபைண்டர் கொஞ்ச நேரம் இருட்டாகிவிடும். நின்று போஸ் கொடுப்பவருக்குப் பரவாயில்லை. நான்கு வயதுப் பையனைப் பிடிக்க முடியாது. ஜிஎஃப்எக்ஸிலேயே ஹெச் மவுண்ட் அடாப்டர் போட்டு ஹாசல்பிளாடின் பழைய ஹெச்சி லென்ஸ்களின் லீஃப் ஷட்டரை 1/800 வரை பயன்படுத்தலாம். ஆனால் அந்த லென்ஸ்கள் கனம் அதிகம். எனக்கு ஒத்துவரவில்லை.

விளக்குக்கு வருவோம். ஏடி600 ப்ரோ அருமையான விளக்கு. முழுப் பவரில் அடித்தாலும் ஒரு நொடிக்குள் தயாராகிவிடும். நிறமும் 5600 கெல்வினை விட்டு அதிகம் நகராது. ஆனால் பேட்டரியோடு மூன்று கிலோ. அதை ஸ்டாண்டின் உச்சியில் ஏற்றி, 120 சென்டிமீட்டர் ஆக்டா சாஃப்ட்பாக்ஸையும் மாட்டினால், ஆடி மாதத்தில் தென்காசிப் பக்கம் அது பாய்மரம்தான். மணல் மூட்டை இரண்டு தொங்கவிட்டும் ஒரு தம்பி கூடவே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அதனால் வெளியே போகும்போது ஏடி200 இரண்டைத்தான் எடுக்கிறேன். ஏடி-பி2 என்ற பிராக்கெட்டில் இரண்டையும் மாட்டினால் 400 வாட்-செகண்ட், போவன்ஸ் மவுண்ட் சாஃப்ட்பாக்ஸ் நேராகப் பொருந்தும். பவர் போதவில்லை என்பவர்களுக்கு என் பதில், விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவாருங்கள். 200 வாட்-செகண்ட் விளக்கு ஒரு மீட்டரில் தரும் வெளிச்சத்துக்கு, 600 விளக்கை ஒன்றே முக்கால் மீட்டருக்குள் வைக்க வேண்டும். கிட்டே வந்தால் சாஃப்ட்பாக்ஸ் ஓரம் ஃப்ரேமில் தெரியும் என்பார்கள். தெரியட்டும். விளக்கு இல்லாமல் ஒரு ஃப்ரேம் எடுத்து, அந்த ஓரத்தை மட்டும் போட்டோஷாப்பில் மறைத்துக்கொள்ளலாம். 50 மெகாபிக்சலில் கொஞ்சம் வெட்டினாலும் ஒன்றும் குறையாது.

நிழலைத் தூக்கும் திறன் இந்த சென்சார்களுக்கு அதிகம், பிறகு பிளாஷ் எதற்கு என்று கேட்கிறார்கள். தூக்கலாம்தான். ஆனால் மாநிறமோ கறுப்போ, நம் முகங்களை நிழலிலிருந்து தூக்கினால் சப்பையாக, சாம்பல் பூத்தது போல வருகிறது. கன்னத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் இறக்கம், கண்ணில் ஒரு புள்ளி, இதையெல்லாம் ஸ்லைடர் தராது. கறுத்த சருமத்துக்குப் பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் வைத்தால் அதன் பிரதிபலிப்பே முகத்துக்கு உருவம் கொடுத்துவிடும். குறைந்த பவர் போதும். எண்ணெய் வழிந்தால் ஒரு டிஷ்யூ, அவ்வளவே.

மீடியம் ஃபார்மேட்டும் பேட்டரி பிளாஷுமான இந்த ஜோடி எனக்கு நிறைவு தருவது வெயிலில் அல்ல, காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கத்து வீடுகளுக்குள். முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம், இருண்ட பட்டாலை, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, 1/60; ஒரே ஏடி200 பதினாறில் ஒரு பங்கு பவரில், ஒரு குடைக்குள். வாசலும் முற்றமும் தங்கள் வெளிச்சத்தில் இருக்க, ஆளுக்கு மட்டும் கொஞ்சம் சேர்த்தால் போதும். தரை பளபளப்பாக இருப்பதால் விளக்கின் பிம்பம் அதில் விழாத உயரம் பார்க்க வேண்டும். 1/60-ல் ஆள் அசைந்தால் பிளாஷ் உறையவைத்த முகத்தைச் சுற்றி ஒரு மங்கல் ஓரம் வரும்; 100 மெகாபிக்சலில் அது நன்றாகவே தெரியும். கேமராவின் ஸ்டெபிலைசேஷன் என் கையைத்தான் அடக்கும், ஆளை அல்ல. ஆகவே நாற்காலியில் உட்காரவைத்து எடுப்பேன்.

சேலை எடுப்பவர்களுக்கு ஒரு சொல். ஜிஎஃப்எக்ஸ் 50ஆரில் ஆன்டி-அலியாசிங் ஃபில்டர் (நுண்ணிய கோடுகளைச் சற்றே மழுப்பும் கண்ணாடி) கிடையாது. நெருக்கமான பருத்தி நெசவில் வானவில் அலைகள் வரும்; பிளாஷின் கூர்மை அதைக் கூட்டும். எஃப்/11, எஃப்/13 வரை மூடினால் குறையும், அதற்கு விளக்கு பவர் கைகொடுக்கும். 100எஸ்-ல் இந்தத் தொல்லை எனக்கு மிகக் குறைவு. பட்டுச் சரிகைக்கு வேறு தொல்லை. சிறிய விளக்கு பட்டால் ஜரிகை வெள்ளையாக வெந்துபோகும். பெரிய வெளிச்சத்தைத் தாழ்ந்த கோணத்தில் பக்கத்திலிருந்து கொடுத்தால் தங்கம் தங்கமாகத் தெரியும்.

மேனுவல் முறையில் எடுக்கும்போது ஜிஎஃப்எக்ஸில் எக்ஸ்போஷர் ப்ரிவ்யூவை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் வ்யூஃபைண்டரில் கும்மிருட்டுதான். எலக்ட்ரானிக் ஷட்டரில் பிளாஷ் எரியாது. மாமல்லபுரம் மாதிரி தொல்லியல் துறை இடங்களில் ஸ்டாண்ட், விளக்கு வைக்க முன்கூட்டியே அனுமதி வேண்டும். விமானத்தில் போனால் உபரி பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும். 600 ப்ரோவின் பேட்டரி 75 வாட்-அவர், ஏடி200 உடையது 42. இரண்டுமே 100 வாட்-அவர் வரம்புக்குள் அடங்குவதால் விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. முனைகளில் டேப் ஒட்டி, வாட்-அவர் எண் தெரியும்படி மேலாக வைத்தால் ஸ்கேனர் வரிசையில் பையை முழுதாகக் கொட்டச் சொல்ல மாட்டார்கள்.