மீன் எடைக் கணினியில் சிஸ்டம்டி: எழுப்பத் தெரியும், விடத் தெரியுமா?

கடலூர் முதுநகரில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு மீன் கொள்முதல் கூடத்தின் கணினியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மின்னணுத் தராசிலிருந்து ஒரு கேபிள் கணினிக்கு வருகிறது. கூடை ஏறியதும் எடையை வாங்கிப் பட்டியலில் எழுதுவது நான் எழுதிய சின்ன நிரல். அது செத்து விழுந்தால் எழுப்பும் பொறுப்பு, லினக்ஸ் இயங்குதளத்தில் மற்ற நிரல்களைத் தொடங்கி மேய்க்கும் சிஸ்டம்டியுடையது. அதன் மற்றப் பெருமைகளைப் பேச வேறு ஆள் இருக்கிறார்கள். எனக்கு இந்த ஒரு வேலைதான் கணக்கு.

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள் இரவு, கூடத்தைக் கழுவிவிட்டவர் வழியில் கிடந்த கேபிளைப் பிடுங்கி ஓரமாகச் சுருட்டி வைத்துவிட்டுப் போய்விட்டார். நிரல் ஒரு நொடி தராசைத் தேடியது, கிடைக்கவில்லை, மடிந்தது. மூன்று நொடி கழித்து சிஸ்டம்டி எழுப்பியது. மறுபடி மடிந்தது. எழும்போதெல்லாம் கூடத்து மேலாளருக்கு ‘எடை நிரல் தொடங்கியது’ என்று குறுஞ்செய்தி அனுப்பும்படி எழுதிவைத்த அறிவாளி நான்தான். நாலு நொடிக்கு ஒன்று, மணிக்கு 900. முன்பணம் கட்டி வாங்கியிருந்த 2,000 செய்திகளும் இரண்டேகால் மணி நேரத்தில் தீர்ந்தன. படகுகள் வரும் நேரத்துக்குச் சற்று முன் அவர் அழைத்தார்: “தம்பி, தொடங்கியது தொடங்கியது என்கிறதே, இது எப்போதுதான் தொடங்கி முடிக்கும்?”

சிஸ்டம்டிக்கு வரம்பே இல்லையா என்றால், இருக்கிறது. 10 நொடிக்குள் 5 முறை தொடங்கிவிட்டால் ஆறாவது முறை மறுத்துவிடும். ஒருமுறை விழுந்ததற்கும் அடுத்து எழுப்புவதற்கும் இடையே அது தானாக விடும் இடைவெளி 100 மில்லி நொடி. ஆக, நான் எதையும் தொடாமல் இருந்திருந்தால் ஆறு நொடிக்குள் கையை விரித்திருக்கும். நானோ, பாவம், மூச்சு வாங்கட்டும் என்று இந்த இடைவெளியைச் சொல்லும் ‘ரீஸ்டார்ட்செக்’ என்ற இடத்தில் 3 நொடி போட்டிருந்தேன். நாலு நொடிக்கு ஒரு முறை எழுந்தால் 10 நொடியில் மூன்று முறைதான் ஆகும். ஐந்தை எட்டவே எட்டாது. இடைவெளியைக் கூட்டினால் வரம்பு பல்லில்லாமல் போகும் என்று ஒரு எச்சரிக்கை வரி சிஸ்டம்டியின் பதிவேட்டில் விழுந்திருக்கலாம். விழவில்லை. இதற்கு அரை மதிப்பெண் குறைக்கிறேன்.

இன்னொரு அரை மதிப்பெண் குறைவதற்குக் காரணம் திருத்தப் போனபோது நடந்தது. 120 நொடிக்குள் 5 முறைதான் என்ற பொருளில், அமைப்புக் கோப்பில் ‘ஸ்டார்ட்லிமிட்இன்டர்வல்செக்’ 120, ‘ஸ்டார்ட்லிமிட்பர்ஸ்ட்’ 5 என்று எழுதினேன், மாற்றமே இல்லை. எழுப்புவது சம்பந்தப்பட்டதெல்லாம் அந்தக் கோப்பின் ‘சர்வீஸ்’ தலைப்பின் கீழ்தான் என்று நினைத்தது என் தவறு. இந்த வரம்பின் இடம் ‘யூனிட்’ தலைப்பு. தவறான இடத்தில் போட்டால் இந்தச் சொல் புரியவில்லை என்று பதிவேட்டின் மூலையில் முணுமுணுத்துவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடுகிறது. ‘சிஸ்டம்டி-அனலைஸ் வெரிஃபை’ கட்டளை இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்கும். அன்று எனக்கு நினைவில்லை.

சரியான இடத்தில் போட்டதும் குணமே மாறியது. கேபிளைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். ஐந்து முறை எழுந்தது. இருபதாவது நொடியில் ‘ஸ்டார்ட்-லிமிட்-ஹிட்’ என்று சொல்லிப் படுத்துவிட்டது. குறுஞ்செய்தியை ‘ஆன்ஃபெயிலியர்’ பக்கம் மாற்றிவிட்டேன். அது ஒவ்வொரு மடிதலுக்கும் கிளம்பாது, வரம்பு தாண்டிச் சேவை ஒரேயடியாக நின்ற பிறகுதான் கிளம்பும். மேலாளருக்கு ஒரே ஒரு செய்தி. இந்த ஏற்பாட்டுக்காகவே குறைத்ததில் பாதியைத் திருப்பித் தரலாம்.

முன்பு இதே எழுப்பும் வேலைக்கு வேறு சில நிரல்களையும் வைத்துப் பார்த்தேன். ரன்இட் இரண்டு எழுப்புதலுக்கு நடுவே ஒரு நொடி பொறுப்பதோடு சரி, எண்ணிப் பார்க்காது. எண்ண வேண்டுமானால், நிரல் மடிந்ததும் ஓடும் ‘ஃபினிஷ்’ ஸ்கிரிப்டில் நாமே எழுதிக்கொள்ள வேண்டும். எஸ்6 இன்னும் நேர்த்தி: அதே ‘ஃபினிஷ்’ 125 என்ற எண்ணோடு வெளியேறினால் இனி எழுப்பாதே என்று பொருள். சூப்பர்வைசர்டி மூன்று முறை மறுமுயற்சி செய்துவிட்டுக் கைவிடும். ஆனால் நிரல் ஒரு நொடிக்கு மேல் உயிரோடு இருந்துவிட்டாலே தொடங்கிவிட்டது என்று நம்பிப் பழைய எண்ணிக்கையை மறந்துவிடும். தராசைத் தேடித் தேடிச் சாகும் என் நிரலுக்கு அது ஒத்துவரவில்லை.

ஒரு தொல்லை மட்டும் மிச்சம். கையால் தொடங்குவதும் அதே கணக்கில் சேர்கிறது. கேபிளைச் செருகிவிட்டு மேலாளர் உடனே தொடங்கினால் வரம்பு தாண்டிவிட்டது என்று அவரையும் திருப்பி அனுப்பும். இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், அல்லது எண்ணிக்கையை அழிக்கும் ‘ரீசெட்-ஃபெயில்டு’ கட்டளையைக் கொடுக்க வேண்டும். கூடை வரிசையில் நிற்கும்போது யார் காத்திருப்பார்கள்? அந்தக் கட்டளையையும் தொடங்கும் கட்டளையையும் சேர்த்துத் திரையில் ஒரு பொத்தானாக வைத்துவிட்டேன். அதன்மேல் என்ன எழுத என்று கேட்டதற்கு, “மறுபடி முதலிலிருந்து என்று போடு தம்பி” என்றார். அப்படியே போட்டிருக்கிறேன். கேபிளைத் தரையிலிருந்து தூக்கிச் சுவரில் அடித்த ஆணிகளுக்குச் செலவு 40 ரூபாய்.

ஐந்துக்கு நாலரை.