கத்தி, தோல், நூல்: வீட்டுப் பட்டறையில் எது தாங்கியது, எது தாங்கவில்லை

பிழைப்பு ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில், கட்டிங் பிரிவில். சாயந்தரம் வீட்டுக்கு வந்து டீ குடித்ததும் மறுபடி தோலைத்தான் கையில் எடுக்கிறேன். பெல்ட், பர்ஸ், சாவிக்கொத்து, தெருப் பசங்களின் கிரிக்கெட் கிளவுஸ் ரிப்பேர் என்று இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது. இத்தனை நாளில் வாங்கிய சாமானில் பாதிக்கு மேல் பெட்டியில் தூங்குகிறது. புதிதாகக் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் "அண்ணே, இந்த கிட் வாங்கலாமா?" என்று போனில் படம் காட்டுவார்கள். ஐம்பது சாமான் ஒரே பையில், பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். நான் சொல்வது ஒன்றுதான்: அந்தக் காசை ஒரு கத்திக்கும் நல்ல தோலுக்கும் போடு, மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

என் கத்தி கடையில் வாங்கியது இல்லை. லேத் பட்டறையில் இரும்பு அறுக்கும் பவர் ஹாக்ஸா பிளேடு தேய்ந்துபோனால் ஓரமாகப் போட்டுவிடுவார்கள். அதில் ஒரு துண்டை எடுத்து, கிரைண்டரில் ஒரு பக்கம் மட்டும் சரிவு கொடுத்துத் தீட்டினால் தோல் கத்தி ரெடி. ஹை ஸ்பீட் ஸ்டீல் என்பதால் தீட்டும்போது கொஞ்சம் சூடேறினாலும் கெட்டித்தன்மை போகாது. பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறேன். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் செருப்பு தைக்கும் பெரியவர்கள் பலர் வைத்திருப்பதும் இதே ஜாதிக் கத்திதான். நடுவில் அரைநிலா வடிவத்தில் ஒரு வெளிநாட்டுக் கத்தியும் வாங்கினேன். வளைவு வெட்ட அருமையான கத்தி, குறை சொல்ல முடியாது. ஆனால் ஓரம் சீவ வேண்டும் என்றால் கை தானாகப் பழைய பிளேடுக்குத்தான் போகிறது.

சீவுவதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மடிப்பு வரும் இடத்தில் 2 மில்லிமீட்டர் தோலை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே கொண்டுவர வேண்டியிருக்கும். கடப்பா கல் மேல் தோலைக் குப்புற விரித்து, இடது கையால் அழுத்திப் பிடித்து, கத்தியைப் படுக்க வைத்து வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். பதமான கத்தி என்றால் வெங்காயத் தோல் போல ஒரே சீவலாகச் சுருண்டு வரும். துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து வந்தால் கத்தி மழுங்கிவிட்டது என்று அர்த்தம். அப்போது கூடுதலாக அழுத்தம் கொடுப்பவர்கள்தான் விரலை வெட்டிக்கொள்கிறார்கள். ஒரு மரப்பலகையில் தோல் துண்டை ஒட்டி, பச்சைப் பாலிஷ் கட்டியைத் தேய்த்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பச்சை, குரோமியம் ஆக்சைடு. கத்தியை அதன் மேல் பின்பக்கமாக நாலைந்து முறை இழுத்துவிட்டு வேலையைத் தொடங்கினால் கல்லில் தீட்டும் அவசியம் எப்போதாவதுதான் வரும்.

சரி, தோலுக்கு வருவோம். கம்பெனியில் என் கையில் வருவது குரோம் தோல், அதாவது குரோமியம் உப்பில் பதனிட்டது. மெல்லியது, இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும், வெந்நீர்ச் சூட்டையும் தாங்கும், எந்தச் சாயமும் ஏறும். 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு எங்கள் பக்கம் ஷூ கம்பெனிகள் பெருகியதும் இந்தத் தோலை நம்பித்தான். வீட்டில் நான் எடுப்பது பட்டை போட்டுப் பதனிட்ட தோல். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை. இப்போது பெரும்பாலும் வாட்டில் (wattle) என்ற மரத்தின் பட்டைச் சாறு. ஆவாரம்பட்டை மட்டும் போட்ட தோல் வெளிச்சத்தில் சிவந்துவிடும் என்பதால் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைப்பார்கள். அதனால்தான் அந்த இளமஞ்சள் நிறம் கிடைக்கிறது.

பட்டைத் தோலில் செய்த பெல்ட்டைப் பல வருஷமாக இடுப்பில் கட்டுகிறேன். வெட்டும்போது வெளுத்த பிஸ்கட் நிறம், இப்போது கருப்பட்டி நிறம். 3.5 மில்லிமீட்டர் கனம், முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் வெட்டியது. ஓட்டைகள் இன்னும் வட்டமாகவே இருக்கின்றன. வயிற்றுப் பகுதியில் வெட்டியிருந்தால் ஆறு மாதத்தில் இழுபட்டு முட்டை வடிவமாகியிருக்கும். குறை என்றால் பித்தளை பக்கிள் படும் இடத்தில் பச்சையாகக் களிம்பு கட்டுகிறது. தோலில் இருக்கும் எண்ணெயும் பித்தளையில் இருக்கும் செம்பும் சேர்ந்தால் அப்படித்தான். குச்சியால் சுரண்டித் துடைத்தால் போய்விடும். அதே சமயத்தில் குரோம் தோலில் செய்த பர்ஸ் நிறம் கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் ஓரம் போய்விட்டது. பட்டைத் தோலின் ஓரத்தை ஈரம் தொட்டு மரக்கட்டையால் அழுத்தித் தேய்த்தாலே இறுகிப் பளபளக்கும். குரோம் தோலில் அது நடக்காது, ஓரத்துக்குப் பெயிண்ட்தான் அடிக்க வேண்டும். மடிப்பில் அந்தப் பெயிண்ட் வெடித்து உரிய ஆரம்பித்துவிட்டது. மழையில் நனையும் சாமான் என்றால் எனக்கு இன்னும் குரோம்தான். இடுப்பிலும் தோளிலும் வருஷக்கணக்கில் கிடப்பதற்குப் பட்டைத் தோல்.

ஆனால் 'பட்டைத் தோல் இயற்கை, பூமிக்கு நல்லது' என்று சொல்லி இரண்டு மடங்கு விலை வைப்பவர்களைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. பாலாற்றங்கரைக்காரனிடம் அந்தக் கதை எடுபடாது. தோல் அழுகாமல் இருக்கப் போடும் உப்பு இரண்டுக்கும் பொது. கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்ததில் அந்த உப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தோல் கழிவுநீர் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகும் எங்கள் ஊர்களில் பலர் குடிதண்ணீரைக் கேனில்தான் வாங்குகிறார்கள்.

தோல் வாங்க சென்னைக்குப் போனால் பெரியமேடு. முழுத் தோல் சதுர அடிக் கணக்கில், வெட்டு மிச்சம் எடைக் கணக்கில். பழகுபவர்கள் வெட்டு மிச்சம் வாங்கினாலே போதும், பர்ஸ் தாராளமாக வரும். எடுக்கும்போது மேல்பக்கத்தை உள்ளே வைத்து மடித்துப் பாருங்கள். நெருக்கமாக மெல்லிய சுருக்கம் விழுந்தால் நல்லது, உப்பலாகப் பெரிய மடிப்பு விழுந்தால் மேல்தோல் உள்ளே பிடிப்பில்லாமல் இருக்கிறது. 'ஜெனியூன் லெதர்' முத்திரையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அடித்தோல் மேல் பிளாஸ்டிக் பூச்சு போட்டதிலும் அந்த முத்திரையைப் பார்க்கலாம்.

தையலுக்குக் கம்பெனியில் ஜூக்கி மிஷின், வீட்டில் இரண்டு ஊசி. மிஷின் தையலில் மேல்நூலும் அடிநூலும் ஒன்றை ஒன்று கவ்வி நிற்கும். ஒரு இடத்தில் அறுந்தால் வரிசையாகப் பிரிய வாய்ப்பு அதிகம். கையில் தைப்பது ஒரே நூல், இரண்டு முனையிலும் ஊசி, ஒவ்வொரு ஓட்டையிலும் இரண்டு ஊசியும் எதிரெதிரே போகும். ஒரு கண்ணி அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். தைக்கும் நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் எடுத்துக்கொண்டால் நடுவில் தட்டாது. லினன் நூலுக்குத் தேன்மெழுகு தேய்த்துத் தைத்தவன் நான். அழகு அதுதான், ஆனால் வியர்வை படும் இடத்தில் இற்றுப்போகிறது. பெல்ட்டுக்கும் பை வாருக்கும் பாலியெஸ்டருக்கு மாறிவிட்டேன். தைக்கும்போது எந்த ஊசி முதலில், நூல் எந்தப் பக்கம் என்ற வரிசை கடைசிக் கண்ணி வரை மாறக் கூடாது. தையல் சாய்வாக ஒரே மாதிரி விழுவதற்கு ஓட்டை குத்தும் விலை உயர்ந்த முள்கரண்டி மாதிரிக் கருவியை விட இந்த ஒழுங்குதான் உதவுகிறது.

ஈரத் தோலை இரும்பில் படவிடாதீர்கள். பட்டையின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் மை போலக் கருப்புக் கறை வரும். புதிதாக விழுந்த கறை என்றால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் வெளுக்கும். இதே வித்தையை வேண்டுமென்றே செய்தால் சாயம். துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் ஊறப்போட்டு, வடிகட்டிப் பூசினால் பட்டைத் தோல் கண் முன்னே கருக்கும். கடைச் சாயம் போலக் கையில் ஒட்டாது. என் கருப்பு பர்ஸ் எல்லாம் இப்படி வந்ததுதான்.

எண்ணெயில் விளக்கெண்ணெய் என் தேர்வு, வருஷத்துக்கு இரண்டு முறை, துணியில் தொட்டு மெல்லிசாக. அதிகம் தடவினால் தோல் தொளதொளத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வந்தால் பதறி வெயிலில் போட வேண்டாம், விறைத்து வெடிக்கும். உலர்ந்த துணியால் துடைத்துக் காற்றாடத் தொங்கவிட்டால் போதும். பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் வைப்பதுதான் பூஞ்சைக்கு விருந்து.

கிரிக்கெட் கிளவுஸுக்கு மட்டும் தனி முறை. உள்ளங்கைத் தோல் வியர்வை உப்பில் விறைத்து, விரல் மடியும் இடத்தில்தான் முதலில் கிழியும். அந்த இடத்துக்குக் கம்பெனிக் கழிவில் கிடைக்கும் மெல்லிய ஆட்டுத் தோலை ஓரம் சீவி உள்பக்கமாக ஒட்டி, சுற்றித் தைத்தால் இன்னொரு சீசன் ஓடும். காசு வாங்குவதில்லை. ஆனால் மேட்ச் முடிந்த சூட்டில் அப்படியே கொண்டுவந்து நீட்டினால், நாலு நாள் காயவைத்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பிவிடுவேன்.