ஈவென்ட் டிரிக்கருக்கான குறிப்பு எங்கே இருக்க வேண்டும்: விக்கியிலா, டேட்டாபேஸுக்குள்ளேயா?

போஸ்ட்கிரெஸ் (PostgreSQL) டேட்டாபேஸின் 17-ஆம் பதிப்பில் லாகின் ஈவென்ட் டிரிக்கர், அதாவது யாராவது உள்ளே நுழைந்ததும் ஒரு ஃபங்ஷனைத் தானாக ஓட்டும் வசதி, வந்ததும் எங்கள் டீமில் ஒரு பழைய வாக்குவாதம் மறுபடி கிளம்பியது. அப்ளிகேஷனுக்கென்று நாங்களே உருவாக்கிய மூன்று ரோல்கள் (டேட்டாபேஸில் நுழையும் கணக்குகள்) இருக்கின்றன: எழுதும் ரோல், படிக்கும் ரோல், ரிப்போர்ட் ரோல். இவற்றில் எது உள்ளே நுழைந்தாலும் ஒரு ஃபங்ஷன் ஓடுகிறது. அது யாரைப் பதிவு செய்கிறது, யாரை எப்போது தடுக்கிறது, ஏன் என்பதையெல்லாம் எங்கே எழுதி வைப்பது? விக்கிப் பக்கத்திலா, புரோகிராம் கோடு இருக்கும் ரெப்போவில் ஒரு ரீட்மி கோப்பிலா, இல்லை 'கமென்ட் ஆன் ஈவென்ட் டிரிக்கர்' என்று டேட்டாபேஸுக்குள்ளேயே போட்டுவிடுவதா? நாங்கள் மூன்றாவதைப் பிடித்துக்கொண்டோம். எனவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

விக்கியில் படம் போடலாம், எஸ்க்யூஎல் தெரியாத மேனேஜரும் படிக்கலாம். ரீட்மி கோட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும், ரிவ்யூவில் கண்ணில் படும். கமென்ட் என்பது வெறும் எழுத்து; ஒரு பொருளுக்கு ஒன்றுதான், புதிதாகப் போட்டால் பழையது அழிந்துவிடும். இதெல்லாம் தெரிந்த கதை.

தீர்மானித்தது பராமரிப்புதான். விக்கிப் பக்கம் எழுதப்பட்ட அன்றைக்குச் சரியாக இருக்கும். அப்புறம் டிரிக்கருக்குப் பெயர் மாறும், தடை நேரம் மாறும், புது ரோல் ஒன்று சேரும். பக்கம் அப்படியே நிற்கும். எந்தப் பக்கம் காலாவதியானது, எந்த டிரிக்கருக்குப் பக்கமே இல்லை என்று கேட்டுச் சொல்ல விக்கிக்கு வழி கிடையாது. டேட்டாபேஸிடம் கேட்கலாம். ஈவென்ட் டிரிக்கர்களின் கேட்டலாக் டேபிளை (டேட்டாபேஸ் தானே வைத்திருக்கும் பட்டியலை) எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கமென்ட் காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் ஒரே ஒரு குவெரி போதும். அதை சிஐ-யில், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் தானாகச் சோதிக்கும் அமைப்பில், போட்டுவிட்டோம். ஒரு வரிசை திரும்பி வந்தாலும் பில்ட் சிவப்பாகிவிடும்.

டம்ப் (டேட்டாபேஸின் நகல் கோப்பு) எடுக்கும்போதும் இதே லாபம். அதை எடுக்கும் பிஜி டம்ப் கருவி வழக்கமாகவே கமென்ட்டுகளையும் சேர்த்துத்தான் எடுக்கும். வேண்டாம் என்று நாம் சொன்னால்தான் விடும். புரொடக்‌ஷன் நகலை டெஸ்ட் மெஷினில் ஏற்றினால் டிரிக்கரும் வரும், அதன் விளக்கமும் கூடவே வரும். இரவு வேலை பார்த்த டெஸ்டர் ஒருவர் ரிப்போர்ட் ரோலில் நுழைய முடியாமல் திணறினார். வேறு ரோலில் நுழைந்து ஈவென்ட் டிரிக்கர்களை விளக்கத்தோடு பட்டியலிட்டதும் விஷயம் தெரிந்துவிட்டது. யாரையும் எழுப்பவில்லை.

ஆனால் கமென்ட் இருப்பது வேறு, உண்மையாக இருப்பது வேறு. 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ்' போட்டு ஃபங்ஷனை மாற்றினால் பழைய கமென்ட் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும்: உள்ளே கடுகு தீர்ந்து வெந்தயம் போட்ட பிறகும் டப்பா மேல் 'கடுகு' என்றே இருப்பது போல. இதற்கு நாங்கள் செய்தது ஒரு சின்ன வேலை. ஃபங்ஷன் உடலின் எம்டி5 மதிப்பில் (எழுத்து மாறினால் தானும் மாறும் கைரேகை போன்றது) முதல் எட்டு எழுத்தை கமென்ட்டின் கடைசி வரியில் வைக்கிறோம். யாராவது ஃபங்ஷனைத் திருத்திவிட்டு கமென்ட்டைத் தொடாமல் போனால் இரண்டும் பொருந்தாது, சிஐ பிடித்துவிடும். ஒரே ஒரு இடைஞ்சல்: கமென்ட் கட்டளை மேற்கோளுக்குள் இருக்கும் எழுத்தை மட்டுமே ஏற்கும், கணக்கிட்டு வரும் மதிப்பை ஏற்காது. அதனால் மைக்ரேஷனில் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்டில்) ஒரு 'டூ' பிளாக் எழுதி, அதற்குள் கட்டளையை உருவாக்கி ஓட்ட வேண்டும். அழகாக இருக்காது, ஆனால் வேலை செய்கிறது. எம்டி5-ஐ மட்டும் புதுப்பித்துவிட்டு விளக்கத்தைத் திருத்தாமல் ஒருவர் ஏமாற்றலாம்தான். அதை ரிவ்யூ செய்பவர்தான் பிடிக்க வேண்டும்.

எங்கள் லாகின் டிரிக்கரின் கமென்ட் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'மூன்று ஆப் ரோல்களுக்கும் லாகின் பதிவு எழுதும். ரிப்போர்ட் ரோலை இரவு 1 முதல் 3 வரை தடுக்கும். காரணம், அப்போது மொத்தமாகத் தரவு ஏற்றும் வேலை ஓடுகிறது. ஸ்டாண்ட்பையில் எதுவும் எழுதாது. ஓனர் உரிமையில் ஓடும், ஆகவே யார் என்று அறிய செஷன் யூசரைத்தான் பார்க்க வேண்டும்.' ஸ்டாண்ட்பை வரி சும்மா இல்லை. ஸ்டாண்ட்பை என்பது மெயின் சர்வரின் ரெப்ளிகா, அதாவது படிக்க மட்டுமான நகல்; அதில் எழுத முடியாது. ரிக்கவரியில் (அதாவது ஸ்டாண்ட்பையில்) இருக்கிறோமா என்று சோதிக்காமல் இன்சர்ட் போட்டால் அங்கே லாகினே தோற்றுப்போகும். செஷன் யூசர் வரியும் அப்படித்தான். ஆப் ரோல்களுக்குப் பதிவு டேபிளில் எழுத உரிமை தரவில்லை, அதனால் ஃபங்ஷன் 'செக்யூரிட்டி டிஃபைனர்', அதாவது ஓனர் உரிமையில் ஓடுவது. நுழைந்தவரான செஷன் யூசரை விட்டு, யார் உரிமையில் ஓடுகிறது என்று காட்டும் கரன்ட் யூசரைப் பதிவு செய்தால் எல்லா வரியிலும் ஓனர் பெயரே வந்து நிற்கும்.

டிடிஎல் (டேபிள் போன்றவற்றை உருவாக்கி மாற்றும் கட்டளைகள்) பக்கம் இருக்கும் டிரிக்கர்களின் கமென்ட்டில் இன்னொரு வரியையும் கட்டாயமாக்கியிருக்கிறோம்: 'கிரியேட் ரோல், ஆல்டர் ரோலுக்கு இது ஓடாது.' ரோல், டேட்டாபேஸ், டேபிள்ஸ்பேஸ் ஆகியவை கிளஸ்டர் (ஒரே சர்வரில் உள்ள எல்லா டேட்டாபேஸ்களும்) முழுக்கப் பொதுவானவை. அவற்றின் மீதான கட்டளைகளுக்கு டிடிஎல் ஈவென்ட் டிரிக்கர் கிளம்பாது. புதிதாகச் சேருபவர்கள் எல்லோருமே ஓடும் என்றுதான் நினைக்கிறார்கள். ஒரே ஈவென்ட்டுக்கு இரண்டு டிரிக்கர் இருந்தால் பெயரின் அகரவரிசைப்படி ஓடும் என்பதையும் சேர்த்து எழுதுகிறோம், பெயரை மாற்ற ஆசைப்படுபவர் யோசிக்கட்டும் என்று.

இதை ரோலின் மேலேயே எழுதினால் என்ன என்று ஒருவர் கேட்டார். 'கமென்ட் ஆன் ரோல்' இருக்கிறதுதான். ஆனால் ரோல் கிளஸ்டர் முழுக்க ஒன்று, ஈவென்ட் டிரிக்கரோ அந்தந்த டேட்டாபேஸுக்கு மட்டும். ரோலின் மேல் எழுதினால் டிரிக்கரே இல்லாத டேட்டாபேஸில் இருப்பவருக்கும் அந்தக் குறிப்பு தெரிந்து குழப்பும். தவிர, ஒரு டேட்டாபேஸை பிஜி டம்ப் எடுத்தால் ரோலோ அதன் கமென்ட்டோ வராது; பிஜி டம்ப்ஆல் போட வேண்டும். ரோலின் கமென்ட்டில் அந்த ரோல் எதற்கு, எந்த டீமுடையது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ஃபங்ஷனுக்குள் இரண்டு சிறுகோடு (--) போட்டு எழுதும் குறிப்பும் டேட்டாபேஸுக்குள்ளேதான் சேமிக்கப்படுகிறது, ஃபங்ஷன் மாறினால் கூடவே மாறுகிறது. 'இந்த வரி ஏன் இப்படி' என்பதற்கு அதுவே சிறந்த இடம். பட்டியலில் தெரியாது என்பதுதான் அதன் குறை.

கமென்ட் வழியில் உறுத்தும் விஷயங்களும் உண்டு. ஈவென்ட் டிரிக்கரின் ஓனர் சூப்பர்யூசர் (எல்லா உரிமையும் உள்ள ரோல்) என்பதால் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தக்கூட அந்த உரிமை வேண்டும். விக்கியில் யாரும் திருத்திவிடலாம். டேட்டாபேஸில் இணைந்த எவரும் எல்லாக் கமென்ட்டையும் படிக்கலாம், பூட்டு கிடையாது, எனவே ரகசியம் எதையும் எழுதக் கூடாது.

விக்கி சந்தேகமில்லாமல் ஜெயிக்கும் இடம் ஒன்று இருக்கிறது. லாகின் டிரிக்கரிலேயே பிழை வந்தால் யாரும் உள்ளே நுழைய முடியாது. அந்த நேரத்தில், எப்படி மீள்வது என்ற குறிப்பு டேட்டாபேஸுக்குள் இருந்து என்ன பயன்? சூப்பர்யூசராக இணையும்போது கனெக்‌ஷன் ஆப்ஷனில் 'ஈவென்ட் டிரிக்கர்ஸ்' என்ற அமைப்பை ஆஃப் செய்வது, அது முடியாவிட்டால் கான்ஃபிக் கோப்பில் ஆஃப் செய்வது, கடைசியாக சிங்கிள் யூசர் மோட். இந்த மூன்றையும் ரன்புக்கில் (அவசர நேர வழிகாட்டியில்) எழுதி, அந்தப் பக்கத்தை மட்டும் வெளியே வைத்திருக்கிறோம். தடுக்கப்படும் ரோலுக்கும் கமென்ட் எட்டாது என்பதால், அவர்களுக்கு வேண்டியதை ஃபங்ஷன் எழுப்பும் பிழைச் செய்தியிலேயே சொல்லிவிடுகிறோம்: எத்தனை மணிக்குப் பிறகு வரலாம், அவசரமென்றால் எந்த டீமைக் கேட்பது.

நாங்கள் சிறிய டீம், சர்வரும் எங்களுடையது. சூப்பர்யூசர் உரிமையை முழுதாகத் தராத கிளவுட் சேவையில் இருப்பவர்கள், ஈவென்ட் டிரிக்கரும் அதன் கமென்ட்டும் எந்த ரோலால் உருவாகின்றன என்று முதலில் ஒரு சோதனை டேட்டாபேஸில் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் மைக்ரேஷனை அப்படியே எடுத்தால் ஓடும் என்று உறுதி சொல்ல மாட்டேன். இன்னொன்று, லாகின் டிரிக்கர் எழுத உட்காருமுன் ரோலுக்கே அமைப்புகளை நிர்ணயிக்கும் 'ஆல்டர் ரோல் செட்' போதுமா என்று பாருங்கள். டைம்ஸோன், ஸ்டேட்மென்ட் டைம்அவுட் மாதிரியான அமைப்புகளுக்கு அதுவே போதும். விளக்கிச் சொல்ல வேண்டிய டிரிக்கரில் ஒன்று குறையும்.