பிச்சாவரம் படகுச் சவாரி: துடுப்பா, மோட்டாரா?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன், துடுப்புப் படகுதான். மோட்டார் படகு அகலமான நீர்வழியில் சர்ரென்று ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விட்டுவிடும், அந்தச் சத்தத்தில் கொக்குகூட உட்கார்ந்திருக்காது. குடும்பத்தோடு செல்ஃபி எடுக்கப் போகிறீர்கள் என்றால் அது போதும். இங்குள்ள அலையாத்திக் காட்டை, அதாவது உப்புநீர்ச் சேற்றில் வளரும் மாங்குரோவ் காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் கிளைகள் தலைக்குமேல் கூடாரம் போடும் சின்ன வாய்க்கால்களுக்குள் நுழைய வேண்டும், அதற்குத் துடுப்புப் படகைத்தான் எடுக்க வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாகப் போனால் பதினைந்து கிலோமீட்டர் போல வரும். வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இரண்டின் முகத்துவாரங்களுக்கும் நடுவே சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள்.

இந்தச் சவாரி உங்களுக்குப் பிடிக்குமா என்பது பாதி படகோட்டி கையில் இருக்கிறது. எங்களுக்கு வாய்த்த அண்ணன் நன்றாகப் பேசினார். வெண்கண்டல் இலை ஒன்றைப் பறித்து, "நாக்குல வச்சுப் பாருங்க தம்பி" என்றார். உப்பு கரித்தது. வேர் வழியாக உள்ளே வரும் உப்பை அந்த மரம் இலை வழியாகத் துப்பிவிடுகிறது. சேற்றிலிருந்து குச்சி குச்சியாக மேலே நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சுவேர்கள், சேற்றுக்குள் காற்று இல்லாததால் இந்த ஏற்பாடு. சுரபுன்னை இன்னும் வேடிக்கை, விதை மரத்திலேயே முளைத்து ஒரு சாணுக்கு மேல் பச்சையாகத் தொங்கி, தயாரானதும் விழுந்து சேற்றில் குத்திக்கொள்கிறது, இல்லாவிட்டால் மிதந்து போய் வேறெங்காவது ஊன்றிக்கொள்கிறது. "தில்லையை மட்டும் தொட்றாதீங்க, பால் கண்ணுல பட்டா போச்சு" என்று எச்சரித்தார். நடராசர் கோயில் தலமரம் அதுதான், அதன் பால் கண்ணைக் கெடுத்துவிடும் என்பதும் உண்மைதான்.

2004 சுனாமியில் காடு ஊரைக் காப்பாற்றிய கதையை எல்லோரும் சொல்வார்கள். காட்டுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு, கடலை ஒட்டி இருந்த குப்பங்களில் அடி பலம், அது சரி. ஆனால் கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்கள் உண்டு, எனக்கு அது நியாயமாகவே படுகிறது. சுனாமி எப்போதோ ஒருமுறை வருவது. அன்றாடம் இந்த வேர்களுக்கு நடுவே வளரும் இறாலையும் நண்டையும் நம்பித்தான் சுற்றிலும் குடும்பங்கள் பிழைக்கின்றன. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வெறுங்கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பார்த்தால் கொஞ்ச நேரம் படகை நிறுத்தச் சொல்லுங்கள்.

படகில் யாரும் சொல்லாத விஷயம் ஒன்று. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை இங்கே கூப்பு போட்டு, அதாவது காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, மொட்டையாக வெட்டியிருக்கிறார்கள். வெயில் பட்ட மண் காய்ந்து பள்ளமாகி, கடல் ஏறும்போது உள்ளே வந்த ஓதநீர் வெளியேற வழியில்லாமல் வற்றி வற்றி உப்பு ஏறி, கன்று எதுவும் பிழைக்காத நிலமாகிவிட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டி, ஓதம் ஏறி இறங்க வழி செய்து, கன்று நட்டார்கள். கூகுள் மேப்பில் சேட்டிலைட் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், அந்த வாய்க்கால் கோடுகள் தெரியும்.

நவம்பரிலிருந்து ஜனவரி வரை வலசைப் பறவைகள் வரும், ஆனால் பருவமழையும் அப்போதுதான், வானிலை பார்த்துக் கிளம்புங்கள். காலையிலேயே போய்விடுங்கள், ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். சாப்பாட்டைச் சிதம்பரத்தில் முடித்துக்கொள்வது உத்தமம், வழியில் ஒரு கடையில் தின்ற மீன் வறுவல் அன்று முழுக்க எதுக்களித்துக்கொண்டே இருந்தது.

ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது, மூச்சுவேர்களுக்கு நடுவே சிக்கிக் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டுகளுக்காக, அது நம் ஆட்கள் வேலை.